கருவுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, சந்தா, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி அரை மணி நேரம் உடல்நலம் பற்றிப் பேசுவோம். இன்றைய தலைப்பு சிலருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், ஆனால் காதை மட்டும் மூடாதீங்க. நம்ம உடம்பைப் பற்றி நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசப் போறாங்க?

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் நம் கடன் பதிவேடுதான். "மருத்துவச் செலவு" என்று எழுதி வாங்கும் உள்கடனில் ஒரு பகுதி, குழந்தை இல்லை என்பதற்காகவோ கரு தங்கவில்லை என்பதற்காகவோ வாங்கியதாக இருக்கிறது. விசாரித்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி, மாத்திரை, கோயில் நேர்த்திக்கடன் எல்லாமே அந்தப் பெண்ணுக்குத்தான். "வீட்டுக்காரருக்கு என்ன டெஸ்ட் எடுத்தாங்க?" என்று கேட்டால், "அவருக்கு எதுக்குங்க? அவருகிட்ட ஒரு குறையும் இல்லை" என்று பதில் வருகிறது. டெஸ்ட் எடுக்கும் முன்பே ரிசல்ட் வந்துவிடுகிறது!

கரு உண்டாகி இரண்டு மூன்று மாதத்தில் கலைந்துபோனால் பேச்சு இன்னும் கொடுமை. "அவன் வேலை முடிஞ்சுது, கரு நின்னுச்சு. தாங்க முடியாதது உன் வயிறுதானே" என்பார்கள். கரு உண்டாகிவிட்டால் அதன் பிறகு ஆணுக்கு அதில் பங்கே இல்லை என்பது ஊர் நம்பிக்கை. அது உண்மையா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெண் நிலமா?

"ஆண் விதை போடுறான், பெண் நிலம். விளையலைன்னா நிலத்தில்தான் குறை." இதைக் கேட்காத பெண் நம்மில் யாரும் இருக்க முடியாது. விவசாய வேலை செய்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விதை எப்படி வருகிறது? பூசணிக்கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு முன்பே இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும், உள்ளே விதையும் பிடிக்கும். மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். ஆக, விதை என்பதே ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகு வருவது. ஆண் கொண்டுவருவது மகரந்தம் மாதிரி, முழு விதை அல்ல.

படித்தவர்களும் இந்த விஷயத்தில் தவறாகத்தான் நினைத்திருந்தார்கள். நெதர்லாந்து நாட்டில் லேவன்ஹுக் என்பவர் 1677-ல் மைக்ராஸ்கோப்பில் விந்தணுவைப் பார்த்தார். 1694-ல் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தி உட்கார்ந்திருப்பதுபோல் படமே வரைந்து வெளியிட்டார். பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது 1827-ல். விந்தணுவைப் பார்த்து 150 வருஷம் கழித்துத்தான் பெண்ணின் பங்கு கண்ணுக்கே தெரிந்தது.

அப்புறம் மரபணு விஷயம் தெரிந்தது. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 குரோமோசோம்கள் வருகின்றன. குழந்தை ஆணா பெண்ணா என்பது விந்தணுவில் வரும் குரோமோசோமைப் பொறுத்தது என்று நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு அதற்கு அடுத்த பாடம். விந்தணு மரபணுவை மட்டும் கொண்டுவருவதில்லை. கரு உயிர் பிடிப்பதற்கும், பிரிந்து வளர்வதற்கும் தேவையான வேறு சில சாமான்களும் அதனோடு வருகின்றன.

ஒன்று: அடுப்பைப் பற்றவைக்கும் ஊதல்

கருமுட்டை நம் உடம்பிலேயே பெரிய செல். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஊசிமுனைப் புள்ளி அளவு. விந்தணுவின் தலை அதைவிடப் பல மடங்கு சின்னது. சினைப்பையிலிருந்து வெளியே வந்த முட்டை, தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். விந்தணு உள்ளே வந்ததும் ஒரு புரதத்தை அவிழ்த்துவிடுகிறது. அதன் பெயர் பி.எல்.சி. சீட்டா. பிரிட்டனில் கார்டிஃப் நகர விஞ்ஞானிகள் 2002-ல் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

இந்தப் புரதம் என்ன செய்கிறது? முட்டைக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை அலை அலையாக வெளியே வரவைக்கிறது. ஒருமுறை மட்டும் அல்ல. விட்டு விட்டு, பல மணி நேரம் அலை வருகிறது. விறகு அடுப்பில் ஒரே ஊதலில் தீ பிடிக்குமா? ஊதுகுழலை எடுத்துத் திரும்பத் திரும்ப ஊதினால்தானே பிடிக்கும். அதுமாதிரிதான். அந்த அலைகள் வந்தால்தான் முட்டை விழித்து, வேறு விந்தணு நுழையாதபடி கதவைச் சாத்தி, நிறுத்திவைத்த வேலையை முடித்து, கருவாக மாறத் தொடங்கும்.

சில ஆண்களின் விந்தணுவில் இந்தப் புரதம் இருப்பதில்லை, அல்லது பழுதாக இருக்கிறது. விந்தணுவின் தலை நீளவட்டமாக இல்லாமல் முழு உருண்டையாக இருக்கும் ஒரு குறைபாட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' சிகிச்சையில் முதல் குழந்தை பெல்ஜியம் நாட்டில் 1992-ல் பிறந்தது. அந்தச் சிகிச்சையிலும் சிலருக்கு முட்டை விழிப்பதில்லை. விந்தணு உள்ளேதான் இருக்கிறது, மரபணுவும் இருக்கிறது, ஆனால் ஊத ஆள் இல்லை. காரணம் தெரிந்த பிறகு, முட்டைக்குள் கால்சியத்தை உயர்த்தும் மருந்தைச் சேர்த்து இப்படிப்பட்ட தம்பதியரில் பலருக்குக் கரு உண்டாக்க முடிந்திருக்கிறது. காரணம் தெரியாமல் இருந்தால், "உன் முட்டை சரியில்லை" என்று பெண்ணைத்தானே சொல்லியிருப்பார்கள்?

இரண்டு: கயிறு கட்டும் முளைக்குச்சி

கரு வளர்வது என்றால் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிவது. பிரியும்போது குரோமோசோம்களைச் சரிசமமாகப் பங்கு வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் நுண்ணிய கயிறுகள் கட்டி இழுக்கும் ஏற்பாடு செல்லுக்குள் இருக்கிறது. கயிறு கட்ட முளைக்குச்சி வேண்டும் அல்லவா? அதற்கு சென்ட்ரியோல் என்று பெயர். மனிதரில் முட்டை முதிரும்போது தன் சென்ட்ரியோல்களை இழந்துவிடுகிறது. புதிய கருவுக்கு அதைக் கொண்டுவருவது விந்தணுதான். வால் தொடங்கும் கழுத்துப் பகுதியில் அது இருக்கிறது.

விந்தணு கொண்டுவரும் இந்தப் பொருளைப் பற்றி போவேரி என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1800-களின் கடைசியிலேயே கடல்வாழ் உயிரினங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் அதிகம் பயன்படும் எலியில் இது வேறு மாதிரி. அங்கே விந்தணு இதைக் கொண்டுவருவதில்லை. அதனால் மனிதரில் இதன் முக்கியத்துவம் மெதுவாகத்தான் புரிந்தது. விந்தணுவில் ஒரு சென்ட்ரியோல்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இரண்டாவது ஒன்றும் வேறு வடிவத்தில் இருக்கிறது என்று அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2018-ல் காட்டியது. முளைக்குச்சி கோணலாக இருந்தால் பங்கு பிசகும், கரு பாதியில் நின்றுபோகும்.

மூன்று: தகப்பன் போட்ட அடையாளமும் நஞ்சுக்கொடியும்

இருவரிடமிருந்தும் ஒரே மாதிரி மரபணு வந்தாலும், சிலவற்றில் "இதைப் படி", "இதைப் படிக்காதே" என்று தாயும் தகப்பனும் தனித்தனி அடையாளம் போட்டு அனுப்புகிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1984-ல் எலிகளை வைத்து இதை நிரூபித்தார்கள். தாயின் மரபணுத் தொகுதியே இரண்டு வைத்தபோது கரு ஓரளவு வளர்ந்தது, நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. தகப்பனுடையதே இரண்டு வைத்தபோது நஞ்சுக்கொடித் திசு வளர்ந்தது, கரு வளரவில்லை. அப்படியானால், வயிற்றில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் நஞ்சுக்கொடி நன்றாக அமைவதற்குத் தகப்பன் பக்கத்து அடையாளங்கள் முக்கியம்.

நம் ஊரில் "முத்துப்பிள்ளை" என்று சொல்லும் கர்ப்பம் தெரியுமா? வயிறு பெரிதாகும், ஸ்கேனில் பிள்ளை இருக்காது, திராட்சைக் கொத்துபோல் திசு மட்டும் இருக்கும். ஜப்பானிய விஞ்ஞானிகள் 1977-ல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். முழு முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் குரோமோசோம்கள் எல்லாமே தகப்பனிடமிருந்து வந்தவை. முட்டையின் பங்கு காணாமல் போயிருக்கும். அது சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை, கணவன் மனைவி யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் சுத்தம் செய்த பிறகு டாக்டர் சொல்லும் காலம் முழுவதும் ரத்தப் பரிசோதனைக்கு விடாமல் போக வேண்டும். "அதுதான் எடுத்தாச்சே" என்று விட்டுவிடக்கூடாது.

நான்கு: கூடவே வரும் சீட்டுகள்

விந்தணுவோடு ஆர்.என்.ஏ. என்னும் சின்னச் சின்னச் செய்திச் சீட்டுகளும் முட்டைக்குள் போகின்றன என்று 2004-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2016-ல் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். கொழுப்பு மிகுந்த தீனி தின்ற ஆண் எலிகளின் விந்தணுவிலிருந்து இந்தச் சீட்டுகளை மட்டும் எடுத்து, சாதாரணக் கருவில் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்கு உடம்பு சர்க்கரையைக் கையாளுவதில் கோளாறு தெரிந்தது. தகப்பன் எலி சாப்பிட்டதன் சுவடு குட்டியில்! இது எலியில் கண்டது. மனிதரில் இன்னும் ஆராய்ந்துகொண்டு இருக்கிறார்கள். ஆனாலும் கர்ப்பத்துக்கு முன் உடம்பைப் பேண வேண்டியது பெண் மட்டும்தானா என்ற கேள்வியை அந்த எலி கேட்டுவிட்டது.

தாயின் பங்கு குறைந்துவிட்டதா?

இல்லை சகோதரிகளே. கருவின் முதல் மூன்று நாள் குடும்பம் நடப்பது தாயின் சேமிப்பில்தான். முட்டைக்குள் அவள் சேர்த்துவைத்த உணவு, புரதம், செய்திகள் எல்லாம் அப்போது செலவாகின்றன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தாயிடமிருந்துதான். விந்தணுவோடு வருவதை முட்டை அழித்துவிடுகிறது. கரு நான்கு முதல் எட்டு செல்லாக ஆகும்போதுதான் அதன் சொந்த மரபணு வேலையைத் தொடங்குகிறது என்று 1988-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் நாளிலேயே வேலை செய்வது விந்தணு கொண்டுவந்த ஊதலும் முளைக்குச்சியும். மூன்றாம் நாளுக்குப் பிறகு தகப்பனின் மரபணுவும் அடையாளங்களும் சேர்ந்துகொள்கின்றன. விந்தணுவின் டி.என்.ஏ. அறுந்து சேதமாகியிருந்தால் முட்டை ஓரளவு தைத்துச் சரிசெய்யும். கிழிசல் அதிகமானால் அதனாலும் முடியாது. அடிக்கடி கரு கலையும் பெண்களின் கணவர்களுக்கு, மற்ற ஆண்களைவிட இந்தச் சேதம் சராசரியாக அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. "கரு நின்னாச்சு, அவன் வேலை முடிஞ்சுது" என்ற பேச்சு சரியில்லை என்பது இதிலேயே புரியும்.

அதற்காக, இதுவரை பெண் மேல் போட்ட பழியைத் தூக்கி ஆண் மேல் போடுவதற்கு நாம் இங்கே கூடவில்லை. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை இருக்கிறது. அது பெரும்பாலும் முட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது, பெண்ணின் வயது கூடக்கூட அதிகமாவது. அவள் தண்ணீர் குடம் தூக்கியதாலோ, பஸ்ஸில் போனதாலோ நேர்ந்தது அல்ல. நம் குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒரு கையெழுத்து சரியில்லை என்று பேங்க்கில் திருப்பி அனுப்பினால், யாருடையது என்று இரண்டையும்தானே பார்ப்போம்? கருவிலும் அப்படியே பார்க்கணும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் டெஸ்ட். ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் ஒன்றாக டாக்டரிடம் போக வேண்டும். விந்துப் பரிசோதனை ஊசியோ வலியோ இல்லாத டெஸ்ட். பெண்ணுக்குச் செய்யும் பல பரிசோதனைகளைவிடச் செலவும் குறைவு. 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றையும் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை. ஒருமுறை குறைவாக வந்தால் பயப்படாமல் மறுபடி எடுக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தாலும் அத்தோடு கேள்வி முடிந்துவிடவில்லை. நாம் இப்போது பேசிய புரதமும் முளைக்குச்சியும் இந்தச் சாதாரண டெஸ்டில் தெரியாது. அதனால் அடிக்கடி கரு கலைந்தால், "எங்க ரெண்டு பேரையும் பாருங்க டாக்டர்" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, மூன்று மாதக் கணக்கு. ஒரு விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. பெண்ணின் முட்டைகளோ அவள் பிறக்கும்போதே இருப்பவை. ஆண் இன்று பீடி, சிகரெட், புகையிலை, சாராயத்தை விட்டால், மூன்று மாதத்தில் புதிதாக உருவாகும் விந்தணு அந்தக் கெடுதல் இல்லாமல் வளர வாய்ப்பு இருக்கிறது. இது நல்ல செய்தி, வீட்டில் இப்படியே சொல்லுங்கள். விரைகளுக்கு உடம்பைவிடக் கொஞ்சம் குறைந்த சூடுதான் வேண்டும். செங்கல் சூளை, உலை வேலை செய்பவர்கள் டாக்டரிடம் தங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அடிப்பவர்களும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள் பலருக்கு விந்தணுவே இல்லாமல் போனது 1977-ல் வெளிச்சத்துக்கு வந்தது. கையுறை, முகக்கவசம் இல்லாமல் மருந்து அடிப்பது குழந்தை விஷயமும்தான்.

மூன்றாவது, பேச்சு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவதை வன்முறை என்றே சொல்கிறது. "மலடி" என்று வீட்டில் திட்டுவதும் இதில் அடங்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம், 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வளைகாப்பு வீட்டில் குழந்தை இல்லாத பெண்ணை ஓரமாக நிறுத்துவது யார்? பெரும்பாலும் பெண்களாகிய நாம்தான். அதை நிறுத்தச் சட்டம் வேண்டியதில்லை, நாம் முடிவு செய்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழந்தைக்காகவோ கரு கலைந்ததற்காகவோ உறுப்பினர் கடன் கேட்டால், ஊக்குநரோ பிரதிநிதியோ அவரைத் தனியாக அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" எடுக்கவில்லை என்பதற்காகக் கடனை நிறுத்த வேண்டாம். அந்தக் கடனில் முதல் செலவாக அந்த டெஸ்டை வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் ஆண் பணியாளர் ஒருவரோடு வீட்டுக்கு வந்து, சத்தம் போடாமல் எடுத்துச் சொல்கிறோம். உறுப்பினர் சொன்ன விஷயம் குழுவுக்கு வெளியே போகக்கூடாது. தீர்மான நோட்டிலும் பெயரோடு எழுத வேண்டாம்.

இந்த மாதக் குழுக் கூட்டங்களில் இதைப் படித்துப் பேசுங்கள். சந்தேகம் வந்தால் எழுதி வையுங்கள், அடுத்த கூட்டத்துக்கு டாக்டரம்மாவை அழைத்துவந்து கேட்போம்.